பன்னிரண்டு பேரும் ஒரு நாயும்

அன்று ஊர்ப் பொது ஹோலுக்குள் இருந்தவர்கள்:

மிஸிஸ் மக்கே, ஹோலின் சாவி வைத்திருந்தவர்.
அவருடைய கணவர் ஜோர்ஜ், பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.
பால் பண்ணை வில்சன், மனைவி, மகன், சின்ன மகள்.
தபால்காரி எல்லன்.
காளான் பண்ணை மேற்பார்வையாளர் ரோய்.
அதே பண்ணையில் வேலை செய்த மரியா, லூர்டெஸ்.
வான் சாரதி அருள்நாயகம்.
சீனித்தம்பி.
சீனித்தம்பி.
வில்சனின் நாய்.

இரத்தினவேல் அதை அடுப்படியில் நின்றபடி வாசித்தான். 1988, பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. பார்லிமென்ட் வீதியில் அந்தக் கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி. காலையிலிருந்து கொட்டிய பனி யன்னலுக்கு வெளியே கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே காற்று அப்படித்தான் சுழலும், பனி விழாது, ஏறும். சுவரோரத்து ஹீற்றர் யாரோ நகத்தால் தட்டுவதுபோல இடைவெளி விட்டுச் சத்தம் போட்டது. முதல் நாள் பொரித்த மீனின் மணம் திரைச்சீலையில் இருந்தது.

தாள்கள் தட்டச்சில் இருந்தன. மேலே, '1985 பனிப்புயல்: எங்கள் நினைவுகள்' என்று தலைப்பு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் காரில் போனால் வருகிற ஒரு நாற்சந்திக் கிராமம், தான் பிழைத்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறது. அச்சுக்குப் போகுமுன் அன்று அங்கே இருந்த எல்லாருக்கும் ஒரு படி அனுப்புகிறேன், பிழை இருந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று மிஸிஸ் மக்கே ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்.

பிழை இருந்தது. சீனித்தம்பி இரண்டு தரம் இருந்தான்.

தட்டச்சில் கை தவறியிருக்கும் என்று இரத்தினவேல் நினைத்தான். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பெயர் அவனுடையதாக இருந்தால் நினைத்திருக்கலாம்.

மூன்று வருடமாக அவனை யாரும் இரத்தினவேல் என்று கூப்பிட்டதில்லை. தபால்பெட்டியில், வேலைத்தலத்தில், வங்கியில் அவன் சீனித்தம்பி. ஒரே வீட்டில் இருக்கும் அருள்நாயகம்கூட, கதவு சாத்தியிருக்கும்போதும், சீனி என்றுதான் கூப்பிடுவான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீதிபதிக்கு முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்தால் கனடாப் பிரஜை ஆகப்போவதும் சீனித்தம்பிதான். நடுவில் திங்கட்கிழமை மட்டும் இருந்தது. இந்தப் பட்டியல் அச்சில் போனால் யாராவது ஒருத்தன் கேட்பான்: யார் அந்த இரண்டாவது ஆள்? அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதற்குப் பிறகு சத்தியமும் இல்லை, நாடும் இல்லை, திருப்பி அனுப்பும் விமானம்தான்.

உண்மையான சீனித்தம்பி மட்டக்களப்பான். ஊரில் அவனுக்கென்று ஆள் இல்லை. எண்பத்துநாலிலேயே நிரந்தரமாக இருக்க லாண்டிங் பேப்பரும், வேலை செய்ய சின் நம்பரும் கிடைத்தவன். பருத்தித்துறையிலிருந்து வந்த இரத்தினவேலின் அகதி வழக்கோ தள்ளுபடியாகிவிட்டது. வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே ஒரு நம்பரில் இருவரும் வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு புதினமே இல்லை. நம்பர் அட்டையிலும் படம் கிடையாது, பேப்பரிலும் கிடையாது.

காளான் பண்ணையில் காலை ஆறு முதல் இரண்டு வரை சீனித்தம்பி. இரண்டு முதல் பத்து வரை இரத்தினவேல். மேற்பார்வையாளன் ரோய்க்கு இருவரும் ஒரே ஆள். "சீனி மனிதன் இல்லை, யந்திரம்" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வான். அவனுக்கு முகம் தேவைப்படவில்லை. பண்ணை கொடுத்த தடித்த பச்சை ஜக்கெற், சிவப்புக் கம்பளித் தொப்பி, அதற்குள் ஒரு கறுத்த ஆள், அவ்வளவும் போதும்.

அந்த ஜக்கெற் கைமாறும் இடம் எருக் கொட்டிலின் பின்புறம். காளானுக்காகக் குதிரைச் சாணமும் வைக்கோலும் குவித்து வைத்திருக்கும் நீளக் கொட்டில் அது. நடு மாரிக் குளிரிலும் அந்தக் குவியல் புகைந்துகொண்டிருக்கும். மூக்கைக் கீறும் மூத்திர நெடி. இரண்டு மணிக்கு அருள்நாயகத்தின் வான் வரும். இரத்தினவேல் இறங்கிப் பின்னால் போவான். அங்கே நிற்கும் சீனித்தம்பி பச்சை ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரத்தினவேலின் மெல்லிய சாம்பல் கோட்டைப் போட்டுக்கொள்வான். ரோய் உள்ளே போகும்வரை பின்சுவரோடு நின்று, பிறகு வானில் ஏறி வீடு போவான். ரோயின் கண்ணில் ஒரே நேரத்தில் இருவரும் படக்கூடாது. விதி அது ஒன்றுதான்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் மாற்றினார்கள்.

"கெதியாப் போகா, கை விறைக்குது," என்றான் சீனித்தம்பி. மட்டக்களப்பான் எல்லாரையும் 'கா' போட்டுத்தான் பேசுவான். "மறுகா, உன்ர கோட்டு கோட்டா, கொசுவலையா? நாளைக்கு ஒரு நல்ல கோட்டு வாங்குகா, கஞ்சனே."

இரத்தினவேல் சிரித்துக்கொண்டு முன்பக்கம் வந்தான். அந்த நேரம் பனி வந்தது. மேலேயிருந்து அல்ல, பக்கத்திலிருந்து, ஒரு மதில் நகர்ந்து வருவதுபோல. பத்தடி தூரத்தில் நின்ற வான் இல்லாமல் போனது. பிறகு கொட்டில் இல்லாமல் போனது. தன் கையே தெரியவில்லை. எங்கேயோ ஒரு ஹோர்ன் விடாமல் அடித்தது. ரோயின் கை அவன் கழுத்துப்பட்டியைப் பிடித்தது. "சீனி! உள்ளே ஏறு!" ஜோர்ஜின் பனி தள்ளும் வண்டி வாசலுக்கு வந்திருந்தது. ரோய் இருக்கிற ஆட்களைத் தோளில் தட்டித் தட்டி ஏற்றினான். மரியா. லூர்டெஸ். அருள். சீனி. கணக்குச் சரி. ஒரு மைல் தூரத்தில் இருந்த ஹோலுக்கு வர அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலமும் இரத்தினவேல் அருள்நாயகத்தின் முழங்காலைப் பார்த்தான். அருள்நாயகம் இரத்தினவேலின் ஜக்கெற்றைப் பார்த்தான்.

ஹோலில் விறகு அடுப்பு எரிந்தது. ஒரு நீள மேசை, ஒரு சின்ன மேடை, ஒரு பியானோ. பெரிய கதவு ஒன்று. வலப்பக்கச் சுவரில் விறகு கொண்டுவரும் ஓரக் கதவு ஒன்று. மிஸிஸ் மக்கே விருந்தினர் புத்தகத்தை விரித்து ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தன் கையால் எழுதச் சொன்னார். இரத்தினவேல் ஆங்கிலத்தில் சீனித்தம்பி என்று எழுதினான். ஒரு தரம். கடைசிப் பெயர் அதுதான். அதன் கீழே அவர் கோடு இழுத்ததைக் கண்ணால் பார்த்தான்.

ஆறு மணிக்கு ஜோர்ஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டி இன்னும் ஒரு தரம் ஓடும், இப்போது போனால் போகலாம், பிறகு முடியாது. பண்ணையில் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?

"என் ஆட்கள் எல்லாரும் இங்கே," என்றான் ரோய்.

ஜோர்ஜ் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கிழவர் மேசையின் மூலையில் இருந்த இரண்டு தமிழரையும் பார்த்தார். "உங்களுக்குத் தெரிய யாரும் இல்லையே?"

அருள்நாயகம் சூப்பைக் கலக்கினான்.

எரு சூடு என்று இரத்தினவேல் நினைத்தான். குவியலுக்குள் கையை வைக்க முடியாது. அதற்குள் புகுந்து இருந்தால் ஒரு மனிதனுக்கு ஒன்றும் ஆகாது, நாற்றம்தான். நாளைக் காலை போய்ப் பார்க்கலாம். இப்போது வாயைத் திறந்தால் ஒரு நம்பரில் இரண்டு பேர். அவனுக்கு வழக்கு, எனக்கு விமானம்.

"நோ," என்றான்.

ஜோர்ஜ் கயிற்றை அவிழ்த்தார்.

புயல் இரண்டு இரவு நீடித்தது. முதல் இரவு அவர்கள் பியானோ வாசித்துப் பாடினார்கள். வில்சனின் நாய் மட்டும் அடுப்படியை விட்டு எழுந்துபோய் ஓரக் கதவின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்தது. இரத்தினவேலுக்கு ஒரு சத்தம் கேட்டது. மூன்று தரம். பிறகு இரண்டு தரம். பலகையில், தாழ்வாக, முழங்கால் உயரத்தில். மரம் குளிரில் முறியும் சத்தம் என்று தனக்குத் தானே சொன்னான். காலையில் நாய் எழும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை வழி திறந்தது. இருவரும் கொட்டிலின் பின்னால் போய்ப் பார்த்தார்கள். கூரை வரைக்கும் வெள்ளைச் சரிவு. தடியால் குத்தினார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ரோட்டுக்குப் போயிருப்பான். ஆராவது ஏத்தியிருப்பினம்," என்றான் அருள்நாயகம்.

"ஓம்," என்றான் இரத்தினவேல்.

மார்ச் கடைசியில் பனி இறங்கியபோது ஹோலின் ஓரக் கதவுக்கு வெளியே, விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலில் நின்றபடி ஒரு ஆள் கிடைத்தான். ஒரு மைல் தூரம் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். உள்ளங்கைத் தோல் இல்லை. கோட்டுப் பைக்குள் தமிழில் ஒரு கடிதம் இருந்தது. 'அன்புள்ள தம்பி இரத்தினவேலுக்கு, அக்கா இராஜேஸ்வரி எழுதிக்கொள்வது.'

பொலிஸ் அதை மொழிபெயர்த்து, உறையில் இருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதவுக்கு வந்தது. இந்தப் பெயருள்ளவரைத் தெரியுமா?

ஓம் என்றான். அவ்வளவுதான். பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் கொண்டுவந்த பெயருக்குத் தலையாட்டினான். செத்தவன் இரத்தினவேல், பேப்பர் இல்லாத ஒரு ஆள் கணக்கில் குறைந்தான். சீனித்தம்பிக்குப் பேப்பர் இருந்தது.

எரிக்கும் இடத்தில் ஐயர் பெயர் கேட்டார். நட்சத்திரம் கேட்டார். தகப்பன் பெயர் கேட்டார். இரத்தினவேல் தன்னுடைய பெயரையும், தன்னுடைய சித்திரை நட்சத்திரத்தையும், தன் தகப்பனின் பெயரையும் சொன்னான். ஐயர் அதையெல்லாம் சேர்த்து மந்திரம் சொல்லி அனுப்பிவைத்தார். கேட்டுக்கொண்டு நின்றான். பசித்தது. முப்பத்தோராம் நாள் அக்கா ஊரில் வீட்டுக்கிருத்தியம் செய்து பதினைந்து பேருக்குச் சாப்பாடு கொடுத்ததாகச் சீனித்தம்பிக்கு எழுதினாள். 'இனி நீங்கள்தான் என் தம்பி.' அக்காவுக்கு அவனுடைய எழுத்துத் தெரியும். ஆகவே பதில் கடிதத்தை அருள்நாயகம் எழுதினான்.

இரத்தினவேல் பக்கத்தைப் புரட்டினான். வெளியே வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது.

அந்தக் கிராமத்து ஆட்கள் தங்கள் நினைவுகளை ஆளுக்கு அரைப் பக்கம் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சந்தோஷமான நினைவுகள். ஜோர்ஜ் பியானோவுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டது. பால் கறக்க முடியாமல் வில்சன் அழுதது.

மிஸிஸ் வில்சன் சொன்னது: 'உருளைக்கிழங்கு சூப்தான் எங்களைக் காப்பாற்றியது. முதல் நாள் பன்னிரண்டு கோப்பை ஊற்றினேன், ஒன்று போதாமல் வந்தது. அடுத்த நாள் பதின்மூன்று ஊற்றினேன். சரியாக இருந்தது.'

தபால்காரி எல்லன் சொன்னது: 'மேடைத் திரையைக் கழற்றிப் போர்வையாக வெட்டினோம். ஓரக் கதவடியில் நின்ற, மெல்லிய கோட் போட்ட மனிதர் மட்டும் வேண்டாம் என்று தலையசைத்தார். பாவம், வெட்கம் போலிருக்கிறது.'

வில்சனின் சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் சொன்னது: 'ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் வரவே இல்லை. என் பிஸ்கற்றைக் கொடுத்தேன். அவருடைய கை குளிர்ந்த போத்தல் மாதிரி இருந்தது. எங்கள் நாய் அவர் காலடியில்தான் படுத்தது. ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். தன் பெயரை எழுத இன்னும் விடவில்லையாம்.'

இரத்தினவேல் தாளைக் கவிழ்த்து வைத்தான். விரல் நுனிகளில் உணர்வு இல்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டினான். தண்ணீரில் ஆவி பறந்தது. கையில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடா, காதல் கடிதமோ?"

அருள்நாயகம் பெனியனும் சாரமுமாக அறைவாசலில் நின்றான். இரவு வேலைக்குப் போகும் ஆள், பகலில் தூங்குவான். பேக்கரி மாவு அவன் காதோரத்தில் எப்போதும் இருக்கும். தாளை எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஓகோ. கிழவி பேப்பர்க்காரி ஆகிட்டா. என்ரை பெயரை எப்பிடி எழுதியிருக்கிறா எண்டு பார், அருள் நாய் அகமாம். நாய் கீழையும் ஒண்டு கிடக்குது, பிறகேன் எனக்கும் ஒண்டு..."

நிறுத்தினான். பட்டியலின் அடியை வாசித்துவிட்டான்.

"பிழையா அடிச்சிருப்பா," என்றான்.

"அடுத்த பக்கத்தை வாசி."

வாசித்தான். கதிரையில் உட்கார்ந்தான். தாளை மறுபடி கவிழ்த்து வைத்தான்.

"பெயரும் பிழை, நட்சத்திரமும் பிழை," என்றான் கடைசியில். "பிழை விலாசம் எழுதின கடிதம் மாதிரி. எங்கை போவான் அவன்?"

"பேய்க்கதை கதைக்காதை அண்ணை."

"நான் எங்கை கதைக்கிறன். றிச்மண்ட் ஹில் கோயிலிலை ஒரு அர்ச்சனை எண்டாலும் செய்வம். அவன்ரை சரியான பெயருக்கு. உனக்கு அவன்ரை நட்சத்திரம் தெரியுமோ?"

"தெரியாது."

"தகப்பன் பெயர்?"

"பேப்பரிலை கிடக்கு. நான்தான் அதை ஒவ்வொரு படிவத்திலையும் எழுதிறன்."

அருள்நாயகம் அவனைப் பார்த்தான். மூன்று வருடத்தில் இதைப் பற்றி அவர்கள் பேசியது இதுதான் முதல் தரம்.

"கிழவி கேக்கேக்கை நீ ஓமெண்டு சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பன்," என்றான்.

"அவர்தான் கேட்டவர். கிழவர்."

"ஆர் கேட்டா என்ன." எழுந்தான். "போன் அடிச்சு ஒண்டை வெட்டச் சொல்லு. செவ்வாய்க்கிழமை போய்ச் சத்தியத்தைச் செய். பிறகு ஆர் வந்து என்ன கேட்டாலும் நீதான் அவன். நான் தேத்தண்ணி போடுறன்."

கேத்தில் இரையத் தொடங்கியது. இரத்தினவேல் சுவர்த் தொலைபேசியைச் சுழற்றினான். நான்காவது மணியில் மிஸிஸ் மக்கே எடுத்தார். அவருக்குச் சந்தோஷம். அங்கேயும் பனி கொட்டுகிறதாம், அன்றைக்கு மாதிரியே இருக்கிறதாம், ஜோர்ஜ் இருந்திருந்தால் வண்டியை எடுத்திருப்பாராம்.

இரத்தினவேல் சொன்னான்: பட்டியலில் ஒரு பெயர் கூட வந்திருக்கிறது. ஒன்றை வெட்ட வேண்டும்.

"எதை?" என்றார்.

"கீழே இருப்பதை."

"எனக்கும் முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. உங்கள் பெயருக்குக் கீழே நான் கோடு போட்டிருந்தேன். கோட்டுக்குக் கீழே உங்கள் மொழியில் இன்னொரு வரி இருந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. ஆகவே அவரிடமே கேட்டேன்."

கேத்திலின் இரைச்சல் ஏறியது.

"யாரிடம்?"

"மற்ற மிஸ்டர் சீனித்தம்பியிடம். போன வாரம், பட்டியலைத் தட்டச்சு செய்கிற நேரம், அவரே கூப்பிட்டார். நான் பெயரைச் சொல்ல, அதுதான் என்று சொன்னார். தன் நினைவையும் சொன்னார். இங்கே எழுதி வைத்திருக்கிறேன், வாசிக்கவா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் வாசித்தார். மெதுவாக, பள்ளிப் பிள்ளைக்கு வாசிப்பதுபோல.

"'நான் ஒரு சுவரோடு நின்றேன். ஒரு பக்கம் நல்ல சூடு, ஒரு பக்கம் குளிர். பிறகு ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கதவு வந்தது. உள்ளே பாட்டுக் கேட்டது. என் பெயரை யாரோ சொல்வதும் கேட்டது. நான் இல்லாமலே என் பெயர் உள்ளே இருக்கிறது என்று எனக்கு விளங்கியது. ஆனபடியால் நானும் உள்ளே வந்தேன்.' அழகாகச் சொல்லியிருக்கிறார், இல்லையா?"

"எங்கே இருந்து கூப்பிட்டார்?"

"அதைக் கேட்கவில்லை. சத்தம் தூரத்தில் இருந்தது, காற்றில் நிற்பவர்போல. உங்கள் விலாசம் கேட்டார். கொடுத்தேன். கொடுத்தது பிழையா?"

இரத்தினவேல் தொலைபேசியை வைத்தான்.

கேத்தில் நின்றது. கிளாஸில் கரண்டி சுற்றும் சத்தம். வீதியில் கார் ஓடும் சத்தம் எப்போது நின்றதென்று அவனுக்குத் தெரியவில்லை. யன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. மீன் மணமும் இல்லை. அந்த இடத்தில் இன்னொன்று. முதலில் மெல்லியதாக. பிறகு மூக்கைக் கீறிக்கொண்டு. வைக்கோல். மூத்திரம். சூடான சாணம்.

கதவில் தட்டினார்கள்.

மூன்று தரம். தாழ்வாக. முழங்கால் உயரத்தில்.

"ஆரெண்டு பார்," என்றான் அருள்நாயகம் அடுப்படியிலிருந்து.

இரண்டு தரம்.

அவன் கண் துளையில் பார்த்தான். மண்ணிறக் கம்பளம். குழல் விளக்கு. எதிர்வீட்டுக் கதவு. ஆள் இல்லை. சங்கிலியை எடுத்தான். பூட்டைத் திருப்பினான். திறந்தான்.

நடைபாதையின் கடைசியில், படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில், ஒருவன் சுவரைப் பார்த்தபடி நின்றான். சாம்பல் கோட். அதன் முதுகுத் தையல் பிரிந்த இடம் இரத்தினவேலுக்குத் தெரியும். தைக்காமல் விட்டது அவன்தான். கோட்டில் பனி இருந்தது. ஹீற்றர் போட்ட நடைபாதை. பனி உருகவில்லை.

கதவைச் சாத்தலாம். சாத்தினால் செவ்வாய்க்கிழமை காலையிலும் அவன் அங்கேதான் நிற்பான். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பெயர் கேட்பார்கள். இரத்தினவேலுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பயம்கூட வரவில்லை, வரவேண்டிய இடம் விறைத்திருந்தது. வெறுங்காலோடு வெளியே இறங்கினான்.

கம்பளம் குளிர்ந்தது.

ஐந்து அடி தள்ளி நின்றான்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறு," என்றான். சாம்பல் கோட் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னான். "ரெண்டு நாள். பிறகு என்ன வேணுமெண்டாலும் செய்யிறன். அர்ச்சனை செய்யிறன். அந்தியேட்டி செய்யிறன். சரியான பெயரிலை."

சுவர்ப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. காற்றுக்கு அப்பால் இருந்து வருவதுபோல.

"எந்தப் பேரிலகா?"

இரத்தினவேல் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"நான் ஆருகா?"

விளக்கு இரைந்தது.

"பொலிசுக்குச் சொன்னாய். ஐயருக்குச் சொன்னாய். எனக்குச் சொல்லுகா. நான் ஆரு?"

இரத்தினவேல் என்று சொல்லலாம். அதைச் சொன்னால் போய்விடுவான் என்றும் தோன்றியது. எரித்த பெயரை இன்னொரு தரம் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவான். நாக்கு அதற்காகத்தான் எழும்பியது.

சுவரைப் பார்த்து நின்றவன் திரும்பினான்.

முகத்தின் ஒரு பக்கம் வெள்ளை. கண்ணிமையில் பனி கட்டியிருந்தது. மறுபக்கம் எருச் சூட்டில் அவிந்து, சிவந்து, ஊறியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் திறந்திருந்தது. அதில் கோபம் இல்லை. விருந்தினர் புத்தகத்தின் முன்னால் பேனாவுக்காகக் காத்து நிற்பவனின் கண்.

தோல் இல்லாத உள்ளங்கை நீண்டது.

"சீனித்தம்பி," என்றான் இரத்தினவேல்.

சொன்னதும் வாய்க்குள் ஏதோ கழன்றுபோனது. பல் விழுந்த இடம் மாதிரி. பல் எது என்று தேடினான். கிடைக்கவில்லை.

வந்தவன் தலையாட்டினான். நடந்தான். அவசரம் இல்லை. இரத்தினவேலைத் தோளோடு உரசிக்கொண்டு கடந்தான். அந்தத் தோளில் குளிர் இல்லை. நல்ல சூடு. வேலை முடிந்து வருகிற ஆளின் சூடு. திறந்த கதவுக்குள் நுழைந்தான். வாசலில் கால் தட்டினான். பனி உதிர்ந்தது. உருகியது.

"ஆரடா சீனி?" உள்ளேயிருந்து அருள்நாயகம்.

"ஒருத்தரும் இல்லகா," என்றான் உள்ளே போனவன்.

"அப்ப உள்ளுக்கு வா. தேத்தண்ணி ஆறுது." கிளாஸ் மேசையில் வைபட்டது. "கதவைப் பூட்டு. குளிர் வருது."

நடைபாதையில் நின்றவன் வாயைத் திறந்தான். கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. முதலில் பூட்டு. பிறகு சங்கிலி.